'தி வால்டன்ஸ்' குடும்பம் உண்மையில் எவ்வளவு ஏழை?

மாலைத்திண்ணை எழுதியது:

இந்த இழையைத் தொடங்க வைத்தது ஒரு வானொலிப் பெட்டி. 'தி வால்டன்ஸ்' தொடரின் தொடக்கக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை ஒலிக்க, தந்தை தம் பழைய டிரக்கில் ஒரு வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்குவார். பாட்டனும் பாட்டியும் தாயும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக வெளியே ஓடிவருவார்கள். மூத்தவன் ஜான்-பாய் மேல்மாடிச் சன்னலிலிருந்து அதைப் பார்ப்பான். பல ஆண்டுகளாக இதை மனத்துக்கு இதமான ஒரு குடும்பக் காட்சியாகவே பார்த்து வந்தேன். இப்போது முதல் சீசனிலிருந்து வரிசையாக மறுபடியும் பார்த்து வரும்போதுதான், ஒரு பொருள் வீட்டுக்குள் நுழைவதையே ஒரு தொடர் தன் முகவரியாக வைத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தமானது என்பது உறைத்தது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஒட்டிய ஒரு கற்பனைக் கிராமத்தில், 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தக் காலத்தில் ஒரு மர அறுவை மில்லை நம்பி வாழும் பெரிய குடும்பத்தின் கதை இது. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 செப்டம்பர் 14 அன்று தொடங்கி, 1981 ஜூன் வரை ஒன்பது சீசன்களாக 221 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. கதை 1933இல் தொடங்கி இரண்டாம் உலகப் போரைக் கடந்து 1946 வரை செல்கிறது. உருவாக்கியவர் ஏர்ல் ஹாம்னர். ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், வயது முதிர்ந்த ஜான்-பாயாகக் கதை சொல்லும் குரலும் அவருடையதே.

இத்தொடரைப் பற்றி யார் பேசினாலும் அன்பு, பாசம், அத்தியாய முடிவில் விளக்கணைத்துச் சொல்லும் "குட் நைட், ஜான்-பாய்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1992இல் அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் கார்ட்டூன் தொடரில் வரும் சிம்ப்சன்களைப் போல அல்லாமல் வால்டன்களைப் போல இருக்க வேண்டும் என்று மேடையில் பேசியபோது, அந்தப் பார்வைக்கு அரசாங்க முத்திரையும் விழுந்துவிட்டது. என் கருத்து வேறு. முதல் நான்கைந்து சீசன்களில் பெரும்பாலான அத்தியாயங்களின் அடியில் இருப்பது பணம். பாசம் இருக்கிறது, ஆனால் கையில் காசு இல்லாத வீட்டில் பாசம் என்ன வடிவம் எடுக்கும் என்பதைத்தான் தொடர் காட்டுகிறது.

முதல் சீசனில் வரும் தட்டச்சு இயந்திரக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்குக் கதை அனுப்ப விரும்பும் ஜான்-பாய், அதே ஊரில் வாழும் முதிய பால்ட்வின் சகோதரிகளின் வீட்டில் இருக்கும் பழைய தட்டச்சு இயந்திரத்தை அவர்களிடம் சொல்லாமலேயே எடுத்துவந்து பயன்படுத்துகிறான். அது யாருடையது என்று அறியாத தங்கை மேரி எலன், பழைய சாமான் வாங்குபவரிடம் அதை விற்றுவிடுகிறாள். இருவர் செய்ததிலும் கெட்ட எண்ணம் கிடையாது. வேண்டிய ஒரு பொருளை விலைகொடுத்து வாங்க முடியாத வீட்டில், நல்ல பிள்ளைகளின் கை எங்கெல்லாம் நீளும் என்பதுதான் கதை. இதை வெறும் இனிப்புப் பண்டம் என்று ஒதுக்குவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

மாக்கல் எழுதியது:

நண்பரே, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாததற்கு ஹாம்னரின் சொந்த வாழ்க்கையே காரணம்.

ஹாம்னர் வர்ஜீனியாவின் நெல்சன் மாவட்டத்தில் இருக்கும் ஸ்கைலர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர்; எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அந்த ஊர் மாக்கல் குவாரியையும் அதைச் சார்ந்த ஆலையையும் நம்பி வாழ்ந்த ஊர். பெருமந்தத்தில் அந்தத் தொழில் படுத்தபோது, அவருடைய தந்தை தொலைவிலிருந்த வேய்ன்ஸ்போரோவுக்குச் சென்று ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். வாரம் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டு, விடுமுறைக்குப் பேருந்தில் வந்து, நெடுஞ்சாலையில் இறங்கி, மீதமுள்ள சுமார் ஆறு மைலை நடந்தே கடந்து வீட்டுக்கு வருவார். 1933 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அவர் வரத் தாமதமானதுதான், தொடருக்கு முன்னோடியாக 1971 டிசம்பரில் ஒளிபரப்பான 'தி ஹோம்கமிங்' என்ற தொலைக்காட்சிப் படத்துக்கு வித்து.

இப்போது தொடரைப் பாருங்கள். அதில் வரும் தந்தை கூலிக்காரர் அல்லர். சொந்த மில் வைத்திருப்பவர், தம் நிலத்தில் தம் மரத்தை அறுப்பவர், எவனிடமும் கைகட்டி நிற்காதவர். மில் மூடியதால் வேலை இழந்த தொழிலாளி, மில்லுக்கே உரிமையாளராக மாறிவிட்டார். இந்த ஒரு மாற்றத்தால் வறுமையின் தன்மையே மாறிவிடுகிறது. வேலை போய்விடும் என்ற அச்சத்தின் இடத்தில், ஆர்டர் வரவில்லையே என்ற கவலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த நால்வரில் ஒருவரின் வீடு எப்படி இருந்தது என்பதை முன்னோடிப் படம் காட்டியது. தொடர் காட்டவில்லை.

மேலும் ஒன்று. அத்தியாயத்தின் கடைசியில் வீட்டின் சன்னல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை நாம் ரசிக்கிறோம். அவை மின்விளக்குகள். முப்பதுகளின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது; கிராமப்புற மின்மயத்துக்கான அரசு அமைப்பே 1935இல்தான் உருவானது. விளக்குகள் அணையும் அந்தக் காட்சியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அணைப்பதற்கு ஒரு சுவிட்ச் இருந்த வீடு அது.

எழுத்தாணி எழுதியது:

மாக்கல் அவர்களின் ஒப்பீடு கூர்மையானது. மில் பற்றி இதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. ஆனால் 'தி ஹோம்கமிங்' படத்தில் ஒரு காட்சி உண்டு. தொடர் முழுவதையும் நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன்.

ஜான்-பாய் தன் அறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் யாரும் கதவைத் தாழிடும் வழக்கம் இல்லாததால், பையன் திருட்டுத்தனமாகப் புகை பிடிக்கிறானோ என்று தாய் ஒலிவியாவுக்குச் சந்தேகம். கடைசியில் அவன் மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டுவது ஒரு நோட்டு. அவன் ஒளிந்திருந்து எழுதிக்கொண்டிருந்தான். தந்தை வீட்டில் இல்லாத காலத்தில், மூத்த மகன் வருமானத்துக்கு வழிதராத ஒரு காரியத்தில் பொழுதைக் கழிப்பது அவனுக்கே குற்ற உணர்வாக இருக்கிறது. பின்னர் நள்ளிரவில் தந்தை வீடு வந்து சேர்ந்து, பிள்ளைகளுக்குப் பரிசுகளைக் கொடுக்கும்போது, ஜான்-பாயின் பொட்டலத்தில் இருப்பவை எழுதுவதற்கான தாள் கட்டுகள். தந்தைக்கு யாரும் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு அடுத்த படியாக வருவது நான்காம் சீசனின் தீ விபத்து. வீட்டின் ஒரு பகுதி எரிந்துபோகிறது; ஜான்-பாய் எழுதி வைத்திருந்த நாவலின் கையெழுத்துப் படியும் சாம்பலாகிறது; பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாக அக்கம்பக்கத்தில் பிரித்து அனுப்பப்படுகிறார்கள். தீக்குத் தான்தான் காரணமோ என்று பாட்டனும் பேரனும் தனித்தனியே மனத்துக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள். அந்த நாவலுக்கு வேறு பிரதி கிடையாது. ஒரு பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதே ஏழை வீட்டின் இலக்கணம் என்று நான் நினைக்கிறேன். மின்விளக்கு இருந்தாலும் அந்த இலக்கணம் அங்கே மாறவில்லை.

தென்கிழக்கு எழுதியது:

நான் பேச விரும்புவது தொடர் எதைச் சொல்லாமல் விட்டது என்பதைப் பற்றி. முப்பதுகளின் வர்ஜீனியாவில் வெள்ளையர், கறுப்பர் என்று பள்ளிகளும் பேருந்து இருக்கைகளும் சட்டப்படியே பிரிக்கப்பட்டிருந்தன. கதை நடக்கும் வால்டன் மலையில் அந்தச் சட்டத்தின் நிழல் மிக லேசாகவே விழுகிறது.

தொடர் முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் சீசனின் 'தி ஸ்காலர்' என்ற அத்தியாயத்தில், வெர்டி என்ற கறுப்பினப் பெண் தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை ஜான்-பாயிடம் மட்டும் சொல்லி, இரகசியமாகக் கற்றுத் தரும்படி கேட்கிறார். அவருடைய மகள் கல்லூரிப் பட்டம் பெறப் போகிறாள். அந்த மகளுக்கு முன்னால் தாய் எழுத்தறியாதவராக நிற்க விரும்பவில்லை. லின் ஹாமில்டன் அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்த விதத்தில் இரக்கத்துக்கு ஏங்கும் தோரணை துளியும் கிடையாது. வேலை முடித்து வந்த களைப்பும், தவறாகப் படித்துவிடுவோமோ என்ற எரிச்சலும், மானமும் மட்டுமே அவர் முகத்தில் தெரிகின்றன. அதை எழுதிய ஜான் மெக்கிரீவிக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது முற்றிலும் தகும். ஆயினும் வெர்டிக்கு ஏன் எழுத்து மறுக்கப்பட்டது, யார் மறுத்தார்கள் என்ற கேள்வியைத் தொடர் கேட்பதில்லை.

நீங்கள் பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆகவே பணக் கணக்கையே சொல்கிறேன். வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, வாக்களிக்க விரும்பும் ஒருவர் ஆண்டுக்கு 1.50 டாலர் தலைவரி கட்ட வேண்டும். அதுவும் தேர்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் பாக்கியில்லாமல், பல மாதங்களுக்கு முன்னரே கட்டி முடித்திருக்க வேண்டும். கறுப்பர்களை வாக்குச் சாவடியிலிருந்து விலக்கவே இது முதன்மையாகக் கொண்டுவரப்பட்டது. ஏழை வெள்ளையர்களும் அதே வலையில் சிக்கினார்கள். கணவன், மனைவி, பாட்டன், பாட்டி என்று நால்வர் வாக்களிக்க வேண்டுமானால், மூன்றாண்டுகளுக்கு 18 டாலர். ஊர்க் கடைக்காரர் ஐக் காட்ஸியின் கடையில் பற்று எழுதி மாவும் சர்க்கரையும் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு அது எத்தகைய தொகை என்பதை எண்ணிப் பாருங்கள். வால்டன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி இந்தக் கணக்கு ஒருமுறை பேசப்பட்டிருந்தால், வறுமையும் நிறமும் எந்த இடத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன என்பது தெளிவாக விளங்கியிருக்கும்.

மாலைத்திண்ணை எழுதியது:

தென்கிழக்கு அவர்களுக்கு நன்றி. ஒரு சிறு குறிப்பு மட்டும்: ஐக் காட்ஸியின் கடையிலேயே அஞ்சலகமும் இருப்பதால், கடன் பாக்கி உள்ளவர்கூட கடிதம் வாங்க அங்கே போயே ஆக வேண்டும். அந்தச் சங்கடத்தை, கடைக்காரராக நடித்த ஜோ கான்லி ஒரு தயக்கமான புன்னகையால் கடந்துபோவதைக் கவனியுங்கள்.

தலைவரிக் கணக்குக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மாக்கல் அவர்கள் சொன்னதையும் ஏற்கிறேன்: கூலிக்காரர் உரிமையாளரானது சிறிய மாற்றம் அல்ல. ஆனால் தொடர் அந்த உரிமையையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்திருக்கிறது. 1974இல் மூன்றாம் சீசன் தொடங்கிய 'தி கான்ஃபிளிக்ட்' என்ற இரண்டு மணிநேர அத்தியாயத்தில், மலைமேல் வாழும் உறவினரான மார்த்தா கோரின் என்ற முதிய பெண்மணியின் நிலம் சாலைக்காக அரசால் எடுக்கப்படுகிறது. அது வெறும் கற்பனையன்று. புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையின் கட்டுமானம் 1935இல் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நிறுவப்பட்ட ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்காக ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்கள் மலையிலிருந்து இறக்கப்பட்டன. வேலையில்லாத ஆண்களுக்கு வேலை தந்த திட்டங்கள் அதே மலையில் வேறு சிலரை வீடற்றவர்களாக ஆக்கின. பியூலா பாண்டி நடித்த அந்தக் கிழவி தம் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் காட்சியில், குடும்பத் தொடர்களில் நாம் எதிர்பார்க்கும் ஆறுதல் எதுவும் வைக்கப்படவில்லை. அவர் தோற்றுப்போகிறார். தொடர் அதைத் தோல்வியாகவே விட்டுவிடுகிறது.

மூன்றாவது மணி எழுதியது:

எல்லோரும் கதையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு இந்தத் தொடர் என்றால் எலன் கார்பிதான்.

எஸ்தர் பாட்டியாக நடித்த அவருக்கு 1976 நவம்பரில் பக்கவாதம் வந்தது. பேச்சு பெரிதும் பாதிக்கப்பட்டது. வேறு தொடராக இருந்தால் பாட்டி இறந்துவிட்டதாக எழுதி முடித்திருப்பார்கள், அல்லது வேறொருவரை நடிக்க வைத்திருப்பார்கள். இங்கே பாட்டி மருத்துவமனையில் இருப்பதாகவே கதை நகர்ந்தது. 1978 மார்ச்சில் ஆறாம் சீசனின் முடிவில் அவர் திரும்பி வந்தார். பாட்டி கதாபாத்திரத்துக்கும் பக்கவாதம் வந்ததாகவே எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லை நாக்குக்குக் கொண்டுவர அவர் படும் பாடு நடிப்பன்று. ஆனால் அந்தத் தவிப்பைக் கேமராவுக்கு முன்னால் வைக்கச் சம்மதித்தது நடிப்பைவிடப் பெரிய காரியம். வீட்டார் அன்பினாலேயே அவரை ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்கார வைக்கிறார்கள். அவருக்கு வேண்டியது அதுவல்ல. வாழ்நாள் முழுவதும் அடுப்படியில் அதிகாரத்தோடு நின்ற ஒருத்தியின் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிட்டு, "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று சொல்வது எப்படி இருக்கும் என்பதை, என் பாட்டியைப் பல மாதங்கள் அருகிலிருந்து கவனித்துக்கொண்ட நான் அறிவேன். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த அத்தியாயத்தை முன்னரே பார்த்திருந்தால் வேறுவிதமாக நடந்துகொண்டிருப்பேன்.

அடுத்த மாதமே, 1978 ஏப்ரலில், ஸெப் பாட்டனாக நடித்த வில் கியர் காலமானார். ஆகவே பாட்டனும் பாட்டியும் ஒன்றாகத் தோன்றிய கடைசி அத்தியாயம் அந்தத் திரும்பி வருதலாகவே அமைந்துவிட்டது. ஏழாம் சீசனின் தொடக்கத்தில் குடும்பம் அவருடைய கல்லறையில் நிற்பதைக் காணும்போது, நடிகர்கள் தங்கள் நண்பருக்காக அழுகிறார்களா, பாத்திரத்துக்காக அழுகிறார்களா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. வில் கியர் பற்றி இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். ஐம்பதுகளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின், கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழுவுக்கு முன் பதில் சொல்ல மறுத்ததால், திரையுலகில் வேலை கிடைக்காதபடி கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர் அவர். கெட்ட காலம் என்றால் என்ன என்பதை வசனத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை.

மாக்கல் எழுதியது:

மூன்றாவது மணி அவர்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். என் முதல் பதிவில் வறுமை என்பதைக் கூலி, மின்சாரம் என்ற அளவிலேயே நிறுத்திவிட்டேன். வயதான ஒருத்தியின் கையில் வேலை இல்லாமல் போவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனாலும் பிற்காலச் சீசன்களைப் பற்றி என் வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் சீசனோடு, ஜான்-பாயாக நடித்த ரிச்சர்ட் தாமஸ் விலகினார். 1979இல் ஜான்-பாயாக ராபர்ட் வைட்மன் வந்தார். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஓர் எழுத்தாளன் உருவாவதை ஐந்தாண்டுகள் ஒரே முகத்தில் பார்த்துப் பழகிய பிறகு வேறு முகத்தை ஏற்பது கடினம். அதே காலத்தில் ஒலிவியாவாக நடித்த மைக்கேல் லேர்னடும் விலக, தாய்க்குக் காசநோய் என்று கதை திரும்பியது. போர் வந்ததும் மில்லின் கணக்குப் புத்தகம் கதையிலிருந்து மெல்ல மறைந்துபோனது. பணத்தட்டுப்பாடு போனபோது தொடரின் முதுகெலும்பும் போய்விட்டது என்பது என் எண்ணம். மாலைத்திண்ணை அவர்களின் கருத்துக்கு இதுவே வலுவான சான்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்தாணி எழுதியது:

மாக்கல் அவர்களே, விளக்குகள் அணையும் காட்சியைப் பற்றி நீங்கள் முதலில் எழுதியது என் மனத்திலேயே நின்றுவிட்டதால் நேற்றிரவு மறுபடியும் சில அத்தியாயங்களின் முடிவை மட்டும் பார்த்தேன்.

நாம் அந்தக் காட்சியில் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கேமரா வெளியே, இருட்டில் நிற்கிறது. குரல்கள் மட்டும் கேட்கின்றன. ஓர் அறையிலிருந்து ஒருவர் மெதுவாகச் சொல்வது அடுத்த அறையிலும் அதற்கடுத்த அறையிலும் கேட்கிறது என்றால், அந்த வீட்டின் சுவர்கள் வெறும் பலகைகள். பெண்பிள்ளைகள் ஓர் அறையில், ஆண்பிள்ளைகள் ஓர் அறையில் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். பெற்றோர் கடன் பற்றிக் கிசுகிசுத்தாலும் பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும். யார் அழுதாலும் எல்லோருக்கும் தெரியும். தனியறை என்ற ஒன்று ஜான்-பாய்க்கு மட்டுமே வாய்த்தது. அவன் தாழிட்ட கதவைத்தான் தாய் தட்டினாள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவரின் பெயரைச் சொல்லி நல்லிரவு கூறுவது, இப்போது உறங்கலாம், இனி யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்று ஒருவருக்கொருவர் அனுமதி கொடுப்பதைப் போல எனக்குக் கேட்டது. ஒரு முடிவில், எல்லோரும் சொல்லி முடித்து மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்த பிறகு, ஜான்-பாயின் சன்னலில் மட்டும் இன்னும் சிறிது நேரம் வெளிச்சம் இருந்தது. அவன் எழுதிக்கொண்டிருந்தான்.